பட்டியலில் இல்லாத கள்ளு

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இயக்க வேலை சோறு போடாது. எம்.ஏ. தமிழ் படித்த பொம்பளைக்கு நாரணாபுரத்துப் பக்கம் கிடைக்கிற வேலை இதுதான். இது இல்லையென்றால் பட்டாசு ஆபீஸ். எங்க ஊரில் கம்பெனி என்று சொல்ல மாட்டார்கள், ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். எங்கம்மா முப்பது வருஷமாக ஆபீஸுக்குப் போகிறாள். மேசை நாற்காலி எதுவும் கிடையாது. தரையில் உட்கார்ந்து திரி வைப்பாள்.

போன வருஷம் ஒரு பெரிய ஓட்டலுக்கு மெனு கார்டு அடித்தோம். கடைசி இரண்டு பக்கமும் வெளிநாட்டு ஒயின். எல்லாம் பிரெஞ்சுப் பேர்கள். அதில் ஒன்று ஷாட்டோ மார்கோ. கம்போசிங் பையன் அதை எழுத்துக் கூட்டி 'சாட்டே மார்காக்ஸ்' என்று படித்தான். நேரே விலையைப் பார்த்தேன். ஆறு இலக்கம். ஒரு சைபர் கூட விழுந்துவிட்டதோ என்று மூலத்தை எடுத்து ஒப்பிட்டேன். சரியாகத்தான் இருந்தது. எங்கம்மா ஒரு வருஷம் உட்கார்ந்து திரி வைத்தாலும் அந்த ஒரு புட்டிக்குக் கட்டாது.

இரண்டாம் நாள் புரூஃப் திரும்பி வந்தது. அந்தப் பேரில் ஓர் எழுத்துக்கு மேலே சின்னக் கூரை மாதிரி ஒரு குறி போட வேண்டுமாம். நாங்கள் போடவில்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தார்கள். எங்க அப்பத்தாளின் ரேஷன் கார்டில் பேர் தப்பாக விழுந்து பன்னிரண்டு வருஷமாகிறது. மனு எழுதிக் கொடுத்துக் கொடுத்து எனக்கே சலித்துவிட்டது. ஒரு புட்டிக்கு இருக்கிற மரியாதை இது என்று நினைத்துக்கொண்டே கூரையைப் போட்டேன்.

"ஒயின்னா நம்ம ஒயின்ஸ் கடைச் சரக்காக்கா?" என்று கேட்டான் பையன். தமிழ்நாட்டில் சாராயக் கடைக்கு ஒயின்ஸ் என்று பேர் எப்படி வந்ததோ! அங்கே வாங்குகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒயினைக் கண்ணாலும் பார்த்ததில்லை. பிராந்தியை வாங்கிக்கொண்டு ஒயின்ஸுக்குப் போய்வந்ததாகச் சொல்வார்கள். இல்லாத சரக்கின் பேரைக் கடைக்கு வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் தெரிந்த சரக்கின் பேரைத்தான் சொல்ல முடியாமல் இருக்கிறோம். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முதலில் மார்கோவைச் சொல்லிவிடுகிறேன். கூரை போடுகிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

பிரான்சின் தென்மேற்கில் போர்தோ என்று ஒரு துறைமுக நகரம். அதற்கு வடக்கே, ஆற்றை ஒட்டி, மெதோக் என்ற வட்டாரம். மார்கோ அங்கே ஓர் ஊர். ஷாட்டோ என்றால் மாளிகை. நம்ம கணக்கில் ஜமீன் பங்களா. அந்தப் பண்ணை மொத்தம் 262 ஹெக்டேர். அதில் 80 ஹெக்டேர் அளவுக்குச் சிவப்பு ஒயினுக்கான திராட்சைக் கொடி, ஏறத்தாழ இருநூறு ஏக்கர். மண்ணைப் பார்த்தால் நமக்குச் சிரிப்பு வரும். கூழாங்கல் மண். வேறு வெள்ளாமைக்கு அதிகம் ஆகாது. தண்ணீர் நிற்காமல் வடிவதால் வேர் கீழே கீழே இறங்கும். ஏழை மண்ணில்தான் நல்ல பழம் என்பது அவர்களுடைய கணக்கு. கபர்னே சோவிஞ்ஞோன் என்ற திராட்சைதான் அதிகம். கூட மெர்லோவும் வேறு இரண்டு வகையும் கொஞ்சம். கையால் பறித்து, நொதிக்கவிட்டு, ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் போட்டு வைக்கிறார்கள். பிறகு புட்டியில் அடைத்தால் பத்து வருஷம், முப்பது வருஷம், நல்ல வருஷத்துச் சரக்கென்றால் அதற்கு மேலும் நிற்கும். பக்கத்துப் பண்ணைகளின் ஒயின் கொஞ்சம் முரடு என்றும், மார்கோ பட்டு மாதிரி இறங்கும், வயலெட் பூ மணம் அடிக்கும் என்றும் ருசி எழுதுகிறவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த வருஷம் மழை கூடிப்போனது, எந்த வருஷம் வெயில் நன்றாக அடித்தது என்பதெல்லாம் அவர்களிடம் பதிவாக இருக்கிறது.

1855இல் பிரெஞ்சுப் பேரரசன் மூன்றாம் நெப்போலியன் பாரிசில் ஓர் உலகக் கண்காட்சி நடத்தினான். அதற்காக போர்தோவின் ஒயின் தரகர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். சிவப்பு ஒயின் பண்ணைகளை ஐந்து படியாகப் பிரித்தார்கள். முதல் படியில் லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்ற நான்கே நான்கு. எதை வைத்துப் பிரித்தார்கள் தெரியுமா? அத்தனை வருஷமும் சந்தையில் விற்ற விலையை வைத்து. விலை கூடினது மேல் படி, குறைந்தது கீழ் படி. அதற்குப் பிறகு 1973இல் மூத்தோன் என்ற பண்ணை இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது. இந்த நூற்றெழுபது வருஷத்தில் ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏறியது அது ஒன்றுதான். நம்ம ஊரில் படிக்கட்டு எப்படிக் கட்டுவார்கள் என்று தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அஞ்சாம் படியில் இருப்பதும் கௌரவம்தான். புட்டியிலேயே அச்சடித்துப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள். நம்மை அஞ்சாவதாக வைத்தவர்கள் படிக்கட்டுக்கே வெளியே வைத்தார்கள்.

அந்தப் பெருமைக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1787இல் போர்தோவுக்கு வந்த தாமஸ் ஜெஃபர்சன் இதே நான்கு பண்ணைகளையும் முதல் தரம் என்று குறித்து வைத்தார். பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான அதே ஜெஃபர்சன்தான். மனிதர் எல்லாரும் சமம் என்று விடுதலைப் பிரகடனத்தில் எழுதிய அவர், தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்தார். போர்தோவும் வெறும் ஒயின் துறைமுகம் இல்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் அந்த ஊர்க் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். மாளிகைகளின் ருசியைப் பேசுகிற பக்கங்களில் இதற்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க அப்பத்தாளிடம் கதையாகச் சொன்னேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல். காதும் நாக்கும் நன்றாக வேலை செய்கின்றன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இம்புட்டுத்தானா? இதத்தான் நாங்க கள்ளுல பாத்தமே தாயி" என்றாள்.

அப்புறம் அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன்.

தை பிறந்து பாளை விட்டதும் பனையேறி வருவார். ஆடி வரைக்கும் அவர் பாடு மரத்தோடுதான். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி. பாளையைக் கடிப்பால் இடுக்கி நசுக்கி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். அதனால் காய்ச்சலானாலும் சாவானாலும் ஏறியே ஆக வேண்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாற்பது அடி, ஐம்பது அடி மரம். கலயத்துக்குள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் இறக்கும்போதே நுரைத்துக்கொண்டு கள்.

"ஆம்பளப் பனைக் கள்ளு ஒரு மாதிரி, பொம்பளப் பனைக் கள்ளு ஒரு மாதிரி. வெள்ளன எறக்குனது இனிக்கும். பொழுது ஏற ஏறப் புளிப்பு ஏறும். அந்தியில குடிச்சா நாக்கச் சுருக்கும். புதுக் கலயத்துல ஊறுனா பச்ச வாடை அடிக்கும். பழகுன கலயந்தான் ருசி. மாசிக் கள்ளு தண்ணியா இருக்கும். சித்திர வெயில்ல கொறச்சலா ஊறும், ஆனா கெட்டி. கம்மாக்கரை மரத்துக் கள்ளு வேற, செவக்காட்டு மரத்துக் கள்ளு வேற. ஒங்க தாத்தா ஒரு மடக்குக் குடிச்சுட்டு இது இன்ன மரத்துக் கள்ளுன்னு சொல்லுவாரு. பனையேறியே அசந்து போவாரு."

மண், வருஷம், பாத்திரம், பழகிய கை. மார்கோவைப் பற்றி எழுதியிருந்த அத்தனை அளவுகோலும் எங்க அப்பத்தா வாயில் இருந்தது. பழைய கலயத்தில் ஏன் ருசி என்றால், அதன் சுவரில் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் சீக்கிரம் வேலை செய்யும். இது அறிவியல். அவளுக்கு அந்தச் சொல் தெரியாது. சங்கதி தெரியும்.

இன்னொன்றும் சொன்னாள். "டீக்கடையில நமக்குத் தனிக் கெளாசு. கள்ளு எறக்குற எடத்துல மட்டும் அவுகவுகளுக்கு ஒரு பட்டை. குடிச்சதும் தூரப் போட்ருவாக." பனையோலையை மடக்கிக் கட்டினால் பட்டை. ஒருவர் குடித்ததில் இன்னொருவர் குடிப்பதில்லை. கழுவ வேண்டிய வேலையில்லாததால் தீட்டுக்கும் வேலையில்லை. ஆனால் அங்கேயும் ஊர்க்காரர்கள் மரத்து நிழலில் உட்காருவார்களாம். நம்ம சனங்க வெயிலில் நின்று குடிப்பார்களாம். நிழலுக்குப் பட்டை கட்ட முடியாதே.

நடவுக்கும் அறுப்புக்கும் போன பொம்பளைகளும் குடித்திருக்கிறார்கள். "இடுப்பு நோவுக்கு" என்றாள், லேசாகச் சிரித்துக்கொண்டு. கொடையில் கருப்பசாமிக்கு முதல் கலயம். அப்புறம்தான் மனுசருக்கு.

நான் எம்.ஏ. படித்தபோது புறநானூறு பாடம் இருந்தது. ஐம்பத்தாறாவது பாட்டில் யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, பொற்கிண்ணத்தில் பெண்கள் ஊற்றிக் கொடுக்கப் பாண்டியன் குடித்து இன்பமாக இருக்கட்டும் என்று நக்கீரர் வாழ்த்துகிறார். அந்தத் தேறல் கடல் கடந்து வந்த மது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மது ஏற்றி வந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆக, அயல்நாட்டுச் சரக்கைப் பொற்கிண்ணத்தில் குடிப்பது இரண்டாயிரம் வருஷத்துப் பழக்கம். எங்களுக்குப் பாடம் எடுத்தவர் இந்த இடத்தில் குரலை உயர்த்தி, தமிழனின் கடல் வாணிபம் என்று ஒரு மணி நேரம் பேசினார்.

இருநூற்று முப்பத்தைந்தாவது பாட்டு ஔவையார் பாடியது. அதியமான் செத்துப்போன பிறகு பாடிய பாட்டு. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களைப் பாட வைத்துத் தானும் கூட இருந்து குடிப்பான், இனி அது போச்சே என்று அழுகிறாள் கிழவி. நட்புக்கும் சமத்துவத்துக்கும் அடையாளமாகக் கள் வருகிற இடம் அது. பத்துப்பாட்டில் வீட்டிலேயே ஆக்கின தோப்பிக் கள் வருகிறது. நறவு, மட்டு, பிழி என்று எத்தனையோ பேர்கள். ஒரு பொருளுக்கு இத்தனை பேர் இருந்தால் அதை இத்தனை விதமாக ருசித்த மக்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? எங்க வாத்தியார் அதியமான் பாட்டை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, நேரே திருக்குறளின் கள்ளுண்ணாமைக்குப் போய்விட்டார். போகும்போது கடைசி பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யவனர் தேறல் வாணிபம், நம்ம கள் ஒழுக்கக்கேடு. இந்தக் கணக்கு வகுப்பறையோடு நிற்கவில்லை. சட்டமாகவும் வந்தது.

அதற்கு முன்னால் எங்க வட்டாரத்துக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனை ஏறியவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள்தான். கோயிலுக்குள் விடமாட்டோம் என்றார்கள். கள் இறக்குகிற சாதி என்பதையே காரணமாகச் சொன்னார்கள். கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. நடுவில் 1899 ஜூன் 6ஆம் தேதி, கோயில் நுழைவுத் தகராறு முற்றி, ஆயிரக்கணக்கில் கூட்டம் திரண்டு வந்து சிவகாசியைத் தாக்கியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. இன்றும் எங்க பக்கம் கிழவர்கள் சிவகாசிக் கொள்ளை என்றுதான் சொல்வார்கள். அந்த அடியிலிருந்து அவர்கள் எழுந்தார்கள். மகமை வசூலித்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், 1910இல் சங்கம் வைத்தார்கள். பனையேற்றத்தையும் கள்ளையும் விட்டுவிடச் சொல்லிப் பிரச்சாரம் செய்தார்கள். 1922இல் இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். இன்றைய சிவகாசி அதிலிருந்து வந்ததுதான்.

இதில் எனக்குப் பொறாமை இல்லை. போராடி வாங்கிய மரியாதை அது. ஆனால் ஏறி வந்தவர்கள் கள் என்ற சொல்லைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். அது கீழே நின்றவர்கள் தலையில் விழுந்தது. இறக்கியவர் மேல் இருந்த இழிவு போனது, நல்லது. குடித்தவன் மேல் இருந்தது அப்படியே தங்கிவிட்டது. "அந்தத் தெருவா, குடிகாரப் பயலுக" என்று இன்றைக்கும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

இனி சட்டம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும். 1971இல் கலைஞர் அரசு மதுவிலக்கைத் தள்ளி வைத்துக் கடைகளைத் திறந்தது, 1974இல் மறுபடி மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக் கடையையும் சாராயக் கடையையும் திறந்தது. 1987 ஜனவரி 1 முதல் இரண்டையும் மூடியது. ஆனால் புட்டிச் சரக்கு நிற்கவில்லை. 2003 நவம்பரில் அதன் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. கள்ளுக்குத் தடை மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு, புதுச்சேரியில் உண்டு.

கள்ளில் எவ்வளவு போதை? நூற்றுக்கு நாலு, அஞ்சு பங்கு. மார்கோவில் ஏறத்தாழ பதின்மூன்று. இங்கே விற்கிற பிராந்தி, விஸ்கியில் 42.8 பங்கு. இவை பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த சாராயத்தில் நிறமும் வாசனையும் சேர்த்தவை. அவற்றுக்கு அயல்நாட்டு மது வகை என்று பேர்! அதிகப் போதைக்குக் கடை, குறைந்த போதைக்குக் காவல் நிலையம்.

கள்ளில் கலப்படம் இருந்தது என்பார்கள். உண்மைதான். அப்பத்தாளே சொன்னாள், கடைசிக் காலத்தில் மாத்திரை போட்ட கள் வந்தது, குடித்தவர்கள் கண் சொருகிக் கிடந்தார்கள் என்று. கலந்தவன் யார்? கடையை ஏலம் எடுத்த காண்டிராக்டர். மரம் ஏறினவரும் இல்லை, குடித்தவனும் இல்லை. கடையைப் பூட்டியதும் தப்பித்துக்கொண்டவன் அந்தக் காண்டிராக்டர்தான்.

இன்னொரு வேடிக்கை. பனைதான் நம்ம மாநில மரம். 2021இல் அரசு, கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அறிவித்தது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. சந்தோஷம். அதே மரம், அதே பாளை, அதே கலயம். உள்ளே விரலால் கொஞ்சம் சுண்ணாம்பு தடவினால் ஊர்ப்பெருமை. தடவாவிட்டால் 1937ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்.

இவ்வளவும் நான் நோட்டில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முழுவதும் கேட்கவில்லை.

"கள்ளாவது கத்திரிக்காயாவது. எதக் குடிச்சிட்டு வந்தாலும் அடி எனக்குத்தான விழுந்துச்சு. நீ எம்.ஏ. படிச்சது குடிக்கு வக்காலத்து வாங்கவா?"

அதற்கு மேல் எனக்குப் பேச வாய் வரவில்லை.

எங்கய்யா பட்டாசு ஆபீஸில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தவர். சனிக்கிழமை கூலி. கூலி வாங்கின கையோடு குவார்ட்டர். முதலில் வாரம் ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று. மேலெல்லாம் ஒட்டின அலுமினியப் பொடி கழுவினாலும் போகாமல் மினுமினுக்கும். அந்தக் கையாலேயே அடிப்பார். விடிந்ததும் அந்தக் கையாலேயே என் தலையைத் தடவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, 2014இல் செத்துப்போனார். ஐம்பத்துமூன்று வயசு. அம்மா அழவில்லை. கோபமாக உட்கார்ந்திருந்தாள்.

கள் இருந்திருந்தால் அய்யா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. கள் குடித்த தாத்தா அப்பத்தாளை அடித்ததே இல்லையா என்று கேட்டால், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் அம்பேத்கர் தன் மக்களுக்குக் கொடுத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது குடிக்க மாட்டேன் என்பதும் ஒன்று. அந்த உறுதிமொழியை நானும் எடுத்திருக்கிறேன். கள்ளை நான் நாக்கில் வைத்ததில்லை. பதநீர் குடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை என்று அம்மா மாதிரியே நீங்களும் கேட்கலாம்.

எனக்குப் புரிந்தது இதுதான். மார்கோ பீப்பாயில் தூங்கும், புட்டியில் தூங்கும். தூங்கத் தூங்க விலை ஏறும். அதற்கு நிலம் வேண்டும், பட்டா வேண்டும், நிலவறை வேண்டும், இரண்டு வருஷம் காத்திருக்கிற காசு வேண்டும். இதெல்லாம் இருக்கிறவன் தன் சரக்குக்குப் பேர் வைக்கிறான், பட்டியல் போடுகிறான், வரலாறு எழுதுகிறான். கள் ஒரு நாள் சரக்கு. காலையில் இனிக்கும், ராத்திரி புளிக்கும், மறுநாள் காடி. அதைப் பதுக்கி வைக்க முடியாது, விலை ஏற்ற முடியாது, ஏலம் விட முடியாது. அன்றன்றைக்கு இறக்கி அன்றன்றைக்கு முடிக்க வேண்டும். அய்யா கலக்கின பட்டாசு மருந்தும் அப்படித்தான். ராத்திரி மிச்சம் வைத்தால் ஆபத்து. எங்க வீட்டுக் கூலியும் அப்படித்தான், மிச்சம் வைக்க ஒன்றும் இருக்காது. சேர்த்து வைக்க முடியாத சனத்தின் ருசி எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. பட்டியலில் ஏறாததைக் குற்றம் என்று எழுதுவது சுலபம்.

நான் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. குடியை விடு என்று நம்ம தெருவில் நானேதான் கூட்டம் போடுகிறேன். ஆனால் விடு என்று சொல்வது வேறு, நீ இழிந்தவன் என்று சொல்வது வேறு. முதல் சொல்லைப் பாபாசாகேப் சொன்னார், நம்மை மனுசராக நிமிர்த்துவதற்குச் சொன்னார். இரண்டாவதை, பொற்கிண்ணத்தில் குடித்தவர்கள் சொன்னார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, குடித்துச் செத்தவனுக்கு எதற்கு நஷ்டஈடு என்று எத்தனை பேர் கேட்டார்கள்! செத்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்காரர்கள். ஆறு இலக்கம் கொடுத்து ஒரு புட்டி வாங்குகிறவனை யாரும் குடிகாரன் என்று சொல்லிக் கேட்டதில்லை. அவனுக்கு ரசிகன் என்று பேர்.

போன கொடையில் கருப்பசாமிக்கு ஒரு குவார்ட்டர் பாட்டில் வைத்தார்கள். கள்ளுக்கு எங்கே போவது? அப்பத்தா மட்டும் ஒரு பட்டையில் பதநீர் வாங்கி வரச் சொல்லி ஓரமாக வைத்தாள். "சுண்ணாம்பு போட்டதுதான், ஏத்துக்கப்பா" என்று சாமியிடம் சொன்னாள்.

மெனு கார்டு அடித்து முடிந்து, வேஸ்ட் ஷீட் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அந்த மாளிகைப் படத்தை அப்பத்தாளுக்குக் கண்ணருகே வைத்துக் காட்டினேன். தடவிப் பார்த்தாள். "இதுல பழம் பறிக்கிறவுக பேரு போட்ருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"நம்மூருல எறக்குனவுக பேரு எனக்குத் தெரியும்" என்று சொல்லி, தாத்தா காலத்துப் பனையேறியின் பேரை முழுதாகச் சொன்னாள். அவர் இறக்கின கள்ளுக்கு நிகராக இந்தச் சுத்துப்பட்டில் ஒன்று கிடையாது என்றாள். கட்டுரையில் அந்தப் பேரைப் போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"வேணாம் தாயி. அவுக பேரன் பேத்திகள்லாம் இப்ப நல்லாருக்காக. கோவிச்சுக்கிருவாக."